குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுகிறோம்?



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணையில் எமது வகுப்புக்கு ஒரு படிவம் வந்தது. மாணவர் விபரம் சேகரிக்கும் வழமையான படிவம்தான். அதில் ஒரு கட்டத்துக்கு மேலே "குடும்பப் பெயர்" என்று போட்டிருந்தது. தரம் 8 பிள்ளைகள் எல்லோரும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு எம்மைப் பார்த்தார்கள்.

"சேர், இதுல என்ன எழுதுற?"

நியாயமான கேள்வி. எமது பிள்ளைகளுக்கு வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். சிலருக்கு அப்பாவின் பெயரும் சேர்ந்து நிற்கும். வழிவழியாக ஒரே பெயரைக் கடைசியில் போட்டுக்கொள்ளும் வழக்கம் எமது ஊரில் அநேகமான வீடுகளில் இல்லை. "வாப்பாட பேர எழுதுங்க" என்று சொல்லிவிட்டோம். எல்லோரும் எழுதினார்கள், ஒருவனைத் தவிர. அவன் உம்மம்மாவின் வளர்ப்பில் இருக்கும் பிள்ளை. பக்கத்தில் இருந்தவன் சத்தமாகச் சொன்னான்:

"அவனுக்கு வாப்பா இல்ல சேர். எழுத பேரே இல்ல."

வகுப்பு சிரித்தது. சிரித்த பிள்ளைகளை அதட்டினோம். ஆனால் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கேள்வி வரும்படி விட்டது நாம்தானே. அன்றிரவு முழுக்க அதே நினைவாக இருந்தது. இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரின் நிர்வாகத்தோடு வந்தது. அப்படியானால் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் என்பதுதான் என்ன? அது உண்மையில் ஒருவரின் இரத்தத்தைச் சொல்கிறதா? எல்லோரும் அறிந்த ஒரே ஒரு பெயரை எடுத்து அதன் வழியைத் தேடிப் பார்த்தோம். அந்தப் பெயர் வொஷிங்டன்.

முதலில் ஒரு விடயம். இங்கிலாந்தில் ஆதியிலிருந்தே எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்ததில்லை. 1066இல் நோர்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலம் வரைக்கும் சாதாரண மனிதருக்கு ஒரு பெயர்தான். ஒரே ஊரில் நாலு ஜோன் இருந்தால் "கொல்லன் ஜோன்", "ஆற்றங்கரை ஜோன்", "கட்டை ஜோன்", "வில்லியமின் மகன் ஜோன்" என்று பிரித்துச் சொல்வார்கள். காணி உறுதி, வரி, வழக்கு என்று எழுத்து வேலை பெருகப் பெருக, அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் அந்த அடைமொழிகள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பெயர்களாக நிலைத்தன. ஸ்மித் என்றால் கொல்லன். டெய்லர் என்றால் தையற்காரன். ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். லிட்டில் என்றால் சின்னவன். எமது பெரியவர்களின் பெயர்களோடு ஒட்டியிருக்கும் லெப்பை, மரைக்கார், ஆலிம் என்பனவும் ஒரு காலத்தில் பொறுப்பைக் காட்டிய சொற்கள்தானே. அதுபோலத்தான்.

வொஷிங்டன் என்பது ஊர்ப் பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் நகருக்கும் நியூகாசிலுக்கும் இடையில் இன்றும் அந்த ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு "ஹ்வாஸா என்பவனின் ஆட்களுடைய பண்ணை" என்ற பொருள் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் என்ற ஒரு பிரபு அந்த ஊருக்கு வந்தார். அதுவரை அவர் ஹார்ட்பேர்ன் என்ற ஊரின் பெயரால் "ஹார்ட்பேர்ன் வில்லியம்" என்று அழைக்கப்பட்டவர். டர்ஹம் பிஷப்போடு காணி மாற்றிக்கொண்டு, ஹார்ட்பேர்னைக் கொடுத்து வொஷிங்டனைப் பெற்றார். காணி மாறியதும் பெயரும் மாறியது. அன்றிலிருந்து அவர் "வெஸ்ஸிங்டன் வில்லியம்". அந்தச் சொல்தான் பின்னர் வொஷிங்டன் ஆனது.

கவனியுங்கள் உறவுகளே. உலகத்தின் மிகப் பிரபலமான குடும்பப் பெயர்களில் ஒன்று ஒரு காணி மாற்றத்தில் பிறந்திருக்கிறது. அன்று வில்லியம் அந்தக் காணியை மாற்றாமல் இருந்திருந்தால் அமெரிக்காவின் தலைநகரத்துக்கு இன்று ஹார்ட்பேர்ன் என்று பெயர் இருந்திருக்கலாம். அந்தப் பெயர் முதலில் காட்டியது ஆள் இருந்த இடத்தைத்தான்.

பிறகு பெயர் ஊரை விட்டு நடக்கத் தொடங்கியது. ஒரு கிளை மேற்குப் பக்கம் லங்கஷயரிலுள்ள வோர்ட்டன் என்ற ஊருக்குப் போனது. அங்கிருந்து லோரன்ஸ் வொஷிங்டன் என்பவர் தெற்கே நோர்தாம்டன் நகருக்கு வந்து கம்பளி வியாபாரம் செய்தார், நகர மேயராகவும் ஆனார். எட்டாம் ஹென்றி மன்னர் துறவி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்ற காலம் அது. 1539இல் லோரன்ஸ், சல்கிரேவ் என்ற இடத்தில் அப்படி ஒரு மடத்தின் நிலத்தை வாங்கி வீடு கட்டினார். அந்த வீடு இன்றும் இருக்கிறது.

அந்த வழியில் வந்த இன்னொரு லோரன்ஸ், எசெக்ஸில் ஒரு தேவாலயத்தில் பாதிரியாராக இருந்தார். உள்நாட்டு யுத்தத்தின்போது, 1643இல், பாராளுமன்றப் பக்கத்தார் அவர் மதுக்கடைக்குப் போகிறார் என்று குற்றம் சாட்டிப் பதவியைப் பறித்தார்கள். குடும்பம் நொடிந்து போனது. அவருடைய மகன் ஜோன் வொஷிங்டன் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். புகையிலை ஏற்றப்போன கப்பலில் அவருக்கு உத்தியோகம். வர்ஜீனியாவிலிருந்து திரும்பும் நேரத்தில், 1657இல், கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரை தட்டியது. ஜோன் அங்கேயே தங்கிவிட்டார். வசதியான வீட்டில் கல்யாணம் முடித்தார். மாமனார் 700 ஏக்கர் காணி கொடுத்தார். அந்த ஜோனின் பேரனின் மகன்தான் 1732இல் பிறந்த ஜோர்ஜ் வொஷிங்டன், ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி.

கதையை இந்த இடத்தோடு முடித்தால் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெருமைக் கதை. எமது பாடப் புத்தகங்களும் பொதுவாக இங்கேதான் முடிக்கின்றன. ஆனால் இந்தப் பெயரின் பயணம் இங்கே முடியவில்லை.

ஜோர்ஜ் வொஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாட்டுக்கே தந்தை என்று அழைக்கப்படுபவரின் பெயரைச் சுமக்க அவருக்கு ஒரு மகன் கிடையாது. ஆனால் அவருக்கு அடிமைகள் இருந்தார்கள். 11 வயதில் தகப்பன் மௌத்தானபோது 10 அடிமைகள் அவர் பங்குக்கு வந்தார்கள். 1799இல், தான் இறந்த வருடத்தில், மவுண்ட் வேர்னன் பண்ணையில் இருந்த அடிமைகளை அவர் பட்டியல் எழுதினார். மொத்தம் 317 மனிதர்கள். அவர்களில் 123 பேர் அவருடைய சொந்த உடைமை. மனைவியின் காலத்துக்குப் பின் அவர்களை விடுதலை செய்யும்படி மரண சாசனம் எழுதினார். மனைவி மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி 1ஆம் திகதி அவர்களை விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலானோர் மார்த்தாவின் முதல் கணவருடைய சொத்து வழியாக வந்தவர்கள். அவர்களை விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

அந்தப் பட்டியலில் பெரும்பாலானோருக்கு ஒற்றைப் பெயர்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கணக்கு எழுதுவதுபோல் மனிதருக்கும் கணக்கு எழுதியவர்கள், அவர்களுக்குக் குடும்பம் உண்டு என்று காட்டும் பெயரை எழுதத் தேவையில்லை என்று நினைத்தார்கள். ஆனால் எசமான்களின் புத்தகத்தில் இல்லை என்பதற்காக அவர்களிடம் பெயர் இல்லை என்று ஆகிவிடாது. தமக்குள்ளே குடும்பப் பெயர் வைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாதுகாத்து வந்தவர்கள் பலர். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கல்யாணப் பதிவு, கூலி ஒப்பந்தம், படைவீரர் ஓய்வூதியம், பாடசாலை என்று எல்லா இடத்திலும் இரண்டாவது பெயர் கேட்டார்கள். அப்போது இலட்சக்கணக்கானோர் தமது பெயரை வெளியே சொன்னார்கள், அல்லது ஒன்றைத் தெரிவு செய்தார்கள். சிலர் பழைய எசமானின் பெயரை வைத்தார்கள். சிலர் அதைத் தொடவே மறுத்தார்கள். பலர் வொஷிங்டன் என்றார்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் வொஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 63 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 90 பேர் கறுப்பினத்தவர்கள்.

டர்ஹமில் ஒரு பிரபுவின் காணியில் பிறந்த பெயரை இன்று சுமப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெயரை வைத்து இரத்தம் சொல்லப் போனால் இந்த இடத்தில் முழுக்கப் பிழைத்துப் போகும்.

அந்தப் பெயரைத் தெரிவு செய்தவர்களில் ஒரு சிறுவனைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1856இல் வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்தவன். தாய் அந்தப் பண்ணையின் சமையற்காரி. தகப்பன் ஒரு வெள்ளையன் என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது. 1861இல் பண்ணைக்காரர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு 400 டொலர் விலை போட்டிருந்தார்கள். பெயர் புக்கர். அவ்வளவுதான்.

விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போனது. மாற்றுத் தகப்பன் உப்புக் காய்ச்சும் இடத்தில் வேலை. அவருடைய பீப்பாய்களில் 18 என்று இலக்கம் போடுவார்கள். புக்கர் முதன்முதலில் வாசிக்கப் பழகியது அந்த 18ஐத்தான். கெஞ்சி மன்றாடிப் பாடசாலைக்குப் போனான். ஆசிரியர் இடாப்புக் கூப்பிடத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இரண்டு பெயர், சிலர் மூன்று பெயர் சொல்வதைக் கேட்டுப் புக்கருக்கு வியர்த்துவிட்டது. தனக்கு ஒன்றுதான் இருக்கிறது. தனது முறை வந்தது. ஆசிரியர் முழுப் பெயரைக் கேட்டார். பிள்ளை தயங்காமல் "புக்கர் வொஷிங்டன்" என்றான். மாற்றுத் தகப்பனின் முதற்பெயர் வொஷிங்டன். அது அந்த நேரம் அவனுக்குக் கைகொடுத்தது.

ஆசிரியர் எழுதிக்கொண்டார். ஆதாரம் கேட்கவில்லை. வகுப்பும் சிரிக்கவில்லை.

தாய் தனக்கு டலியாஃபெரோ என்றும் ஒரு பெயர் வைத்திருந்ததைப் பிற்காலத்தில் அறிந்து, அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். அவர்தான் புக்கர் டி. வொஷிங்டன். 1881இல் அலபாமாவில் டஸ்கீகி கல்லூரியின் முதல் அதிபரானார். மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் கட்டிப் படித்த இடம் அது. தன்னுடைய சுயசரிதையில் இந்தப் பெயர் விடயத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வம்சப் பெருமை ஒருவனை வழி தவறாமல் பிடித்து வைக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை. தனக்கு அது இல்லாதபடியால், தன் பிள்ளைகள் பெருமைப்படத்தக்க ஒன்றைத் தானே விட்டுச் செல்ல வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்கிறார்.

எல்லோரும் இதே முடிவை எடுக்கவில்லை. மல்கம் எக்ஸை நாம் அறிவோம். 1925இல் மல்கம் லிட்டிலாகப் பிறந்தவர். லிட்டில் என்பது எனது மூதாதையரை அடிமையாக வைத்திருந்தவனின் பெயர், ஆபிரிக்காவிலிருந்த எனது உண்மையான குடும்பப் பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்லி, தெரியாத ஒன்றின் அடையாளமாக எக்ஸ் என்று போட்டார். 1964இல் ஹஜ்ஜுக்குப் போனார், அல்ஹாஜ் மாலிக் அஷ்ஷபாஸ் என்ற பெயரோடு இறந்தார். முஹம்மத் அலியும் அதே 1964இல் கஷியஸ் க்ளே என்ற பெயரை அடிமைப் பெயர் என்று சொல்லி விட்டார். அவருக்கும் தகப்பனுக்கும் இருந்த அந்தப் பெயர் அடிமை முறையை எதிர்த்த ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதியின் பெயர். என்றாலும் அது தான் தெரிவு செய்த பெயரல்ல என்பதுதான் அவருடைய நியாயம். 1967இல் ஏர்னி டெரல் என்ற வீரர் விடாப்பிடியாக அவரைக் க்ளே என்றே அழைத்தார். குத்துச்சண்டை மேடையில் "எனது பெயர் என்ன?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினார் அலி. ஒரு மனிதனுக்குத் தன் பெயர் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புக்கர் பெயரை எடுத்தார். மல்கமும் அலியும் பெயரை விட்டார்கள். எமது பார்வையில் இரு பக்கமும் ஒரே உரிமையைத்தான் கேட்டன. என்னை யார் என்று எழுதும் பேனை என் கையிலும் இருக்க வேண்டும் என்ற உரிமை அது.

இனி எமது ஊருக்கு வருவோம்.

கல்யாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி "எந்தக் குடி, எந்தக் குடும்பம்?" பள்ளி நிர்வாகம் என்றாலும் அதுதான். "எங்கட மூத்தவர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்" என்று பெயரைக் காட்டிச் சொல்வோரும் உண்டு. அரபு வணிகர்கள் இந்த நாட்டுக்கு வந்ததும் இங்கே குடியேறியதும் வரலாறு. அதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் எமது பெயர்கள் அரபுச் சொற்களாக இருப்பதற்குக் காரணம் மார்க்கம். அது இரத்தத்துக்குச் சான்றிதழ் ஆகாது. இதே நாட்டில் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்று எத்தனை இலட்சம் பேர் இருக்கிறார்கள்? போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள் அவை. அவர்களை நாம் போர்த்துக்கேயர் என்று சொல்வதில்லையே.

சில உறவுகள் கேட்கலாம்: "மார்க்கம் வம்சத்தைப் பேணச் சொல்கிறதே, பிள்ளையைத் தகப்பனின் பெயரால்தானே அழைக்க வேண்டும்?" உண்மை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். அடிமையாக விற்கப்பட்டு, பின் விடுதலை பெற்று, நபியவர்களின் வளர்ப்பு மகனாக ஸைத் பின் முஹம்மத் என்று அழைக்கப்பட்டவர். சட்டம் வந்தபோது அவருடைய சொந்தத் தகப்பனின் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. வம்சத்தைப் பேணுவது என்றால் ஒருவருடைய உண்மையான உறவை மறைக்காமல் இருப்பது, அவருடைய ஹக்கைக் கொடுப்பது. அமெரிக்காவின் அடிமைகளுக்கு மறுக்கப்பட்டது இந்த ஹக்தான். வம்சத்தைக் காட்டி மற்றவரைக் கீழே வைப்பது வேறு. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

சக ஆசிரியர்களுக்கு: வாப்பா, உம்மா பெயர் விபரங்களை வகுப்பில் சத்தமாகக் கேட்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி கோவையில் இருக்கிறது. நாமே பார்த்து நிரப்பலாம். நாமும் அன்று அதைத்தான் செய்திருக்க வேண்டும். பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிடுங்கள்.

பெற்றோருக்கு: பெயர் எழுதுவதில் அசட்டை வேண்டாம். ஒரே வீட்டில் முஹம்மத் என்ற பெயரை வாப்பாவுக்கு ஒரு விதமாகவும் மகனுக்கு இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டு, கடவுச்சீட்டு எடுக்கும் நேரம் அலைபவர்கள் எத்தனை பேர்? பிறப்பைப் பதியும் அன்றே எழுத்தைப் பாருங்கள். பிள்ளைக்குப் பெயரின் கருத்தையும் அதை வைத்தது யார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். புக்கர், தாய் வைத்த பெயரைக் காலம் கடந்துதான் அறிந்தார். எமது பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

பெரியவர்களுக்கு: கல்யாணப் பேச்சில் குடும்பத்தைக் கேட்பது பிழையல்ல. ஆனால் அந்த ஒரு பதிலோடு நல்ல மாப்பிள்ளையை, நல்ல பிள்ளையை ஒதுக்கி விடாதீர்கள். இன்று பெரிய பெயராக இருப்பதெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய தொழில், யாரோ ஒருவருடைய காணி.

கடைசியாக, அந்தப் பிள்ளை.

அடுத்த நாள் தனியாகக் கூப்பிட்டு, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டினோம். வாப்பாவின் பெயர் அதில் இருந்தது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லையாம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"உம்மம்மாட பேர எழுத ஏலாதா சேர்? அவதானே என்னப் பாக்குற?"

சான்றிதழில் உள்ளதைத்தான் படிவத்தில் எழுத வேண்டும் என்றோம். அது சட்டம், அது அவனுடைய ஹக்கும்கூட. ஆனால் அந்தப் பதில் எமக்கே போதவில்லை.

அவன் படிவத்தில் வாப்பாவின் பெயரை எழுதினான். போன கிழமை அப்பியாசக் கொப்பி திருத்தும்போது பார்த்தோம். மட்டையில் தன்னுடைய பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உம்மம்மாவின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான். நாம் அதைத் திருத்தவில்லை.